அடுத்த வருஷம் தேர்தல்... இந்த வருஷம் தீர்ப்பு! - அலபாமா நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டனின் கதை

நீங்க ஒரு சின்ன ஊர்ல நீதிபதின்னு வெச்சுக்கோங்க. உங்க அப்பாவும் அதே ஊர்ல நீதிபதியா இருந்தவர். கடைத்தெருவுக்குப் போனா எல்லாரும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வாங்க. ஆனா ஒரு விஷயம்... உங்களை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது அரசாங்கம் இல்லை. அந்த ஊர்க்காரர்கள்தான். ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போட்டு உங்களைத் தேர்ந்தெடுக்கிறாங்க. இப்போ உங்க முன்னாடி ஒரு வழக்கு. ஊரே ஒரு பக்கம் நிக்குது. சாட்சியங்கள் மறுபக்கம் நிக்குது. அடுத்த வருஷம் தேர்தல். என்ன பண்ணுவீங்க?

1933-ல் அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில் ஜேம்ஸ் எட்வின் ஹார்ட்டன் என்ற நீதிபதி இந்த இடத்தில்தான் நின்றார். ஸ்காட்ஸ்பரோ வழக்கு பற்றி நீங்க எங்கேயாவது படிச்சிருக்கலாம். அதில் சிக்கிய ஒன்பது இளைஞர்கள் பற்றி நிறைய புத்தகங்கள் வந்துவிட்டன. இது அந்த வழக்கை நடுவில் கையில் எடுத்து, அதற்காகத் தன் பதவியையே விலையாகக் கொடுத்த மனுஷனின் கதை.

பெரிய வீட்டுப் பிள்ளை

வடக்கு அலபாமாவில் லைம்ஸ்டோன் என்று ஒரு கவுன்ட்டி. கவுன்ட்டி என்றால் கிட்டத்தட்ட நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, ஆனால் அளவில் சின்னது. அதன் தலைநகரம் ஏதென்ஸ். பெயர்தான் கிரேக்கத் தலைநகரின் பெயர். நடுவில் கோர்ட், சுற்றிலும் கடைகள், அதைத் தாண்டினால் பருத்திக்காடு. அவ்வளவுதான் ஊர். 1878-ல் இந்த மண்ணில்தான் ஹார்ட்டன் பிறந்தார்.

குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை. அப்பா பெரிய நிலக்கிழார். உயில், சொத்து வழக்குகளைப் பார்க்கும் கவுன்ட்டி நீதிபதியாகவும் இருந்தவர். அம்மா எமிலி, டொனல்சன் வம்சத்தைச் சேர்ந்தவர். அமெரிக்காவின் ஏழாவது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் மனைவி பிறந்த குடும்பம் அது. எமிலியின் அப்பா, அடிமை முறையைக் காப்பாற்றத் தென்மாநிலங்கள் நடத்திய உள்நாட்டுப் போரில் அந்தப் பக்கத்துத் தளபதி.

இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. ஹார்ட்டன் வெளியூரிலிருந்து வந்த புரட்சிக்காரர் இல்லை. தென்மாநிலப் பழைமையின் மடியிலேயே வளர்ந்தவர். டென்னசி மாநிலத்தில் இருக்கும் கம்பர்லேண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு, ஊருக்கே திரும்பி வந்து வக்கீல் தொழில் ஆரம்பித்தார். மாநிலச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். ஏதென்ஸின் ஹாப்ஸ் குடும்பத்துப் பெண்ணான ஆனாவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1922-ல் சர்க்யூட் நீதிபதியாகத் தேர்வானார். சர்க்யூட் நீதிபதி என்றால், பக்கத்துப் பக்கத்துக் கவுன்ட்டிகளுக்கு மாறி மாறிப் போய் பெரிய வழக்குகளை விசாரிப்பவர்.

ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லியான உடம்பு, குழி விழுந்த கன்னம். பார்த்தவர்கள் பலர், தாடி இல்லாத ஆப்ரகாம் லிங்கன் மாதிரி இருக்கிறார் என்றார்கள். கோர்ட்டில் சத்தம் போட மாட்டார். இரு தரப்பு வக்கீல்களுக்கும் ஒரே மரியாதை. ஊருக்கும் அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

1933 வரைக்கும்.

சரக்கு ரயிலில் ஆரம்பித்த வினை

அந்த வழக்கு என்னன்னு சுருக்கமா பார்த்துடலாம். 1931 மார்ச் 25. அமெரிக்கா முழுக்கப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் டிக்கெட் இல்லாமல் சரக்கு ரயிலில் தொற்றிக்கொள்வது சகஜம். சட்டனூகாவிலிருந்து மெம்ஃபிஸ் போன ஒரு சரக்கு ரயிலில் வெள்ளைக்கார இளைஞர்களுக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் கைகலப்பு. ரயிலிலிருந்து விரட்டப்பட்ட வெள்ளைக்காரர்கள் போய்ப் புகார் கொடுக்க, பெயின்ட் ராக் என்ற இடத்தில் ரயிலை நிறுத்தி, ஒன்பது கறுப்பின இளைஞர்களைப் பிடித்தார்கள். எல்லாரும் 13 வயதிலிருந்து 20 வயதுக்குள். அவர்களில் பலருக்கு ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது.

அதே ரயிலில் ஹன்ட்ஸ்வில் பஞ்சாலைகளில் வேலை பார்த்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் இருந்தார்கள். விக்டோரியா பிரைஸ், ரூபி பேட்ஸ். இந்த ஒன்பது பேரும் தங்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக அவர்கள் சொன்னார்கள். அன்றைய அலபாமாவில் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரே ஒரு முடிவுதான். பிடிபட்ட 12-வது நாளே ஸ்காட்ஸ்பரோ ஊர் கோர்ட்டில் விசாரணை ஆரம்பித்தது. சில நாள்களிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை. 13 வயதுப் பையன் விஷயத்தில் மட்டும் ஜூரிகளுக்குள் ஒத்துப்போகவில்லை.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குச் சரியான வக்கீல் உதவியே கிடைக்கவில்லை என்று சொல்லி, 1932 நவம்பரில் தண்டனைகளை ரத்து செய்தது உச்ச நீதிமன்றம். மறுவிசாரணை டெகேட்டர் என்ற ஊருக்கு மாற்றப்பட்டது. ஏதென்ஸிலிருந்து டென்னசி ஆற்றைத் தாண்டினால் டெகேட்டர். வழக்கு ஹார்ட்டன் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு 55 வயது.

டெகேட்டரில் அந்த இரண்டு வாரம்

முதலில் விசாரிக்கப்பட்டவர் ஹேவுட் பேட்டர்சன். இவருக்காக வாதாட நியூயார்க்கிலிருந்து வந்தவர் சாமுவேல் லீபோவிட்ஸ், நாடறிந்த கிரிமினல் வக்கீல். ஊர்க்காரர்கள் பார்வையில் அவர் வெளியூர்க்காரர், யூதர், போதாக்குறைக்கு அவரைக் கூட்டி வந்தது கம்யூனிஸ்ட் தொடர்புள்ள ஓர் அமைப்பு. எதிர்த்தரப்பில் அரசுக்காக வாதாடியவர் மாநில அட்டர்னி ஜெனரல் தாமஸ் நைட். பழைய தண்டனைகளை முன்பு உறுதி செய்த அலபாமா உச்ச நீதிமன்றத்தில், அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி இவருடைய அப்பாதான்!

கோர்ட் வாசலில் நேஷனல் கார்டு வீரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். கைதிகளையும் வக்கீலையும் ஒரு கும்பல் தாக்கத் திட்டம் போடுவதாகச் செய்தி வந்தது. ஹார்ட்டன் ஜூரிகளை வெளியே அனுப்பினார். பிறகு கோர்ட்டில் இருந்தவர்களைப் பார்த்து, கைதிகளைத் தொட நினைப்பவர்கள் தங்கள் உயிரை மறந்துவிட வேண்டும், காவலுக்கு நிற்பவர்களுக்குச் சுடும்படி உத்தரவு உண்டு என்று நேரடியாகவே எச்சரித்தார். குரல் உயர்த்தாத மனுஷன் அன்றைக்குச் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது.

சாட்சி விசாரணையில் லீபோவிட்ஸ் ஒரு பொம்மை ரயிலையே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எந்தப் பெட்டியில் என்ன நடந்தது என்று காட்டச் சொன்னார். விக்டோரியா பிரைஸ், அந்தப் பொம்மை தான் வந்த ரயில் மாதிரியே இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். அதைவிடப் பெரிய திருப்பம் கடைசியில் வந்தது. காணாமல் போயிருந்த ரூபி பேட்ஸ், பேட்டர்சன் தரப்பு சாட்சியாகவே கூண்டேறி, அப்படி எதுவுமே நடக்கவில்லை, முன்பு சொன்னது பொய் என்று சொன்னார்.

இதற்கு நடுவில், கோர்ட்டில் இருந்த யாருக்குமே தெரியாத ஒன்றும் நடந்தது. பல வருஷம் கழித்து, வரலாற்று ஆய்வாளர் டேன் கார்ட்டரிடம் ஹார்ட்டன் இதைச் சொன்னார். சம்பவத்தன்று அந்தப் பெண்களைப் பரிசோதித்த இரண்டு டாக்டர்களில் இளையவர், நீதிபதியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டாராம். கோர்ட்டின் கழிப்பறைக்குள், கதவுக்கு வெளியே காவல் நிற்க, அந்தப் பெண்களுக்கு வன்கொடுமை நடந்ததாகத் தான் நம்பவில்லை என்று சொன்னாராம். கூண்டில் ஏறிச் சொல்லுங்கள் என்றார் ஹார்ட்டன். சொன்னால் ஊருக்குள் தொழில் பண்ண முடியாது என்று அந்த டாக்டர் பின்வாங்கிவிட்டாராம். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று அந்த டாக்டர் பிற்பாடு மறுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி வருது இல்லையா? இவ்வளவு சந்தேகம் இருந்தால் ஹார்ட்டன் அப்போதே வழக்கை நிறுத்தியிருக்கலாமே? நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் ஜூரிகளை நம்பினார். இந்தச் சாட்சியங்களைக் கேட்ட பிறகு, உள்ளூர்க்காரர்களான 12 பேரே விடுதலை என்று சொன்னால், அதற்கு ஊரில் வேறு மதிப்பு என்று நினைத்தார். முன்னால் நிற்பவர் கறுப்பா வெள்ளையா என்று பார்க்காதீர்கள், சாட்சியத்தை மட்டும் பாருங்கள் என்று ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார்.

ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. ஜூரிகள் வெளியே வந்தார்கள். குற்றவாளி. மின்சார நாற்காலியில் மரண தண்டனை.

ஜூன் 22: யாரும் எதிர்பார்க்காத காலை

இந்த இடத்தோடு ஹார்ட்டன் நிறுத்தியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. தீர்ப்புச் சொன்னது ஜூரி. மேல்முறையீடு வந்தால் மேல் கோர்ட் பார்த்துக்கொள்ளும். நம்ம ஊர்ல சொல்ற மாதிரி, நமக்கெதுக்கு வம்புன்னு ஒதுங்கிப் போக எல்லா வழியும் இருந்தது.

அவர் செய்தது வேற. ஊர் கொதிப்பில் இருக்கும்போது நியாயமான விசாரணை நடக்காது என்று மீதி இளைஞர்களின் வழக்குகளைத் தள்ளிவைத்தார். பேட்டர்சன் தரப்பு மறுவிசாரணை கேட்டு மனு போட்டிருந்தது. அதற்காக மொத்த சாட்சியத்தையும் எடுத்துவைத்து எழுத ஆரம்பித்தார்.

இதற்கிடையே அவர் காதுக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. பேட்டர்சனுக்குச் சாதகமாக உத்தரவு போட்டால் அடுத்த வருஷம் தேர்தலில் ஜெயிக்க முடியாது என்பதுதான் செய்தி. வானமே இடிந்து விழுந்தாலும் நீதி நடந்தாக வேண்டும் என்ற பழைய லத்தீன் வாசகத்தைச் சின்ன வயசிலேயே தனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அம்மா என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார் ஹார்ட்டன். அந்த அம்மா யார் என்று ஞாபகம் இருக்கா? அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதியின் மகள்.

1933 ஜூன் 22. இந்தத் தடவை டெகேட்டர் இல்லை, சொந்த ஊரான ஏதென்ஸ் கோர்ட். வழக்கம்போல மனுவைத் தள்ளுபடி செய்வார் என்றுதான் வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஹார்ட்டன் தாள்களை எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிதானமாக வாசித்தார்.

அதில் ஆவேசப் பேச்சு எதுவும் இல்லை. கணக்குப் பிள்ளை வரவு செலவைச் சரிபார்ப்பது மாதிரி, விக்டோரியா பிரைஸ் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து, அதற்கு வேறு ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்தார். கூரான ஜல்லிக்கற்கள் நிறைந்த திறந்த பெட்டியில், கல்லின் மேலேயே ஆறு பேர் அடுத்தடுத்துத் தாக்கினார்கள் என்கிறார். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே பரிசோதித்த டாக்டர் பார்த்ததோ சில சிராய்ப்புகள் மட்டும்தான். பட்டப்பகலில், ஊர்களைக் கடந்து ஓடும் ரயிலில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இது நடந்தது என்று நம்புவது எப்படி? கூட இருந்த ரூபி பேட்ஸே மறுக்கிறார். அரசுத் தரப்பு சாட்சியமே பிரைஸ் சொன்னதற்கு எதிராக நிற்கிறது. ஆகவே ஜூரியின் முடிவு ரத்து, மறுவிசாரணை நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

ஹார்ட்டனின் இன்னொரு பக்கம்

இவரை அப்படியே கோபுரத்தில் தூக்கி வைக்கவும் வேண்டாம். அந்த உத்தரவில், இப்படிப்பட்ட நடத்தை உள்ள பெண்கள் பொய்க் குற்றச்சாட்டு சொல்லக்கூடியவர்கள் என்கிற பொருளில் ஒரு பகுதி வரும். ஆதாரத்தைப் பேசினால் போதுமாக இருந்த இடத்தில் ஒரு பெண்ணின் நடத்தையை இழுத்தது இன்றைக்குப் படித்தால் நெருடும்.

இன்னொன்று அதைவிடப் பெரியது. அந்தப் பகுதியில் கறுப்பின மக்களை ஜூரிப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை, அதனால் இந்த ஜூரியே செல்லாது என்று லீபோவிட்ஸ் வாதாடினார். ஹார்ட்டன் அதை ஏற்கவில்லை. அதே வாதத்தை 1935 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தான் வளர்ந்த உலகத்தின் சுவரை ஹார்ட்டன் முழுசாகத் தாண்டவில்லை. ஆனால் அந்தச் சுவருக்குள்ளேயே நின்றுகொண்டு, கண்ணெதிரே இருந்த ஆதாரத்தைப் பார்க்காத மாதிரி நடிக்க மறுத்தார். அன்றைக்கு அவ்வளவு செய்யவே ஆள் இல்லை.

பில் வந்தது

விலை என்ன தெரியுமா? முதலில் வழக்கு கையை விட்டுப் போனது. அட்டர்னி ஜெனரல் நைட் விடாமல் அழுத்தம் கொடுத்ததில், விசாரணை வில்லியம் கேலஹன் என்ற நீதிபதிக்கு மாற்றப்பட்டது. 1933 டிசம்பரில் பேட்டர்சனுக்கு மறுபடியும் மரண தண்டனை.

அடுத்து 1934 தேர்தல். அன்றைய அலபாமாவில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜெயிப்பவர்தான் பதவிக்கு வருவார். கறுப்பின மக்கள் அதில் ஓட்டுப் போட முடியாது. அதாவது, யாருக்காக ஹார்ட்டன் நியாயம் செய்தாரோ அவர்கள் கையில் ஒரு ஓட்டுகூடக் கிடையாது! 1928-ல் போட்டியே இல்லாமல் ஜெயித்தவர், இந்தத் தடவை இரண்டாம் சுற்றுவரை போய்த் தோற்றார். அதே வருஷம் தாமஸ் நைட் மாநிலத் துணை ஆளுநராக ஜெயித்தார். ஊர் யாருக்குப் பரிசு கொடுத்தது, யாரைத் தண்டித்தது என்பதில் ஒளிவுமறைவே இல்லை.

அதன்பிறகு ஹார்ட்டன் நீதிபதி நாற்காலியில் உட்காரவே இல்லை. கொஞ்ச காலம் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு கிரீன்பிரையரில் இருந்த தன் நிலத்துக்குப் போனார். விவசாயம், மாடு வளர்ப்பு என்று வாழ்க்கை நகர்ந்தது. ஊரை விட்டு ஓடவும் இல்லை, ஊர் ஊராகப் போய்த் தன் கதையைப் பேசவும் இல்லை. தன்னைத் தோற்கடித்த அதே மக்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட 40 வருஷம் வாழ்ந்தார். 1973 மார்ச்சில் காலமானபோது வயது 95.

இறந்து மூன்று வருஷத்தில், 1976-ல் அவரைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு படமே வந்தது. இறந்துவிட்டார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்த விக்டோரியா பிரைஸும் ரூபி பேட்ஸும் உயிரோடுதான் இருந்தார்கள். படத்தை ஒளிபரப்பிய நிறுவனம் மேல் வழக்குப் போட்டார்கள்!

அப்போ அந்தத் தீர்ப்பால் என்ன லாபம்?

நியாயமான கேள்வி. ஹார்ட்டன் உத்தரவு போட்டும் பேட்டர்சன் வெளியே வரவில்லையே? உண்மைதான். அவருக்கு 1936-ல் நடந்த விசாரணையில் 75 வருஷச் சிறை. 1948-ல் சிறையிலிருந்து தப்பினார். 1952-ல் மிச்சிகன் மாநிலத்தில், வேறொரு வழக்கில் சிறையில் இருக்கும்போதே புற்றுநோயில் இறந்தார். ஒன்பது பேரில் நான்கு பேர்மீது இருந்த வழக்கு 1937-ல் கைவிடப்பட்டது. மற்றவர்கள் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். ஒரு தீர்ப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று முடிக்க இந்த வாழ்க்கை இடம் கொடுக்கவில்லை.

ஆனால், ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்த மின்சார நாற்காலிக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் ஹார்ட்டன் மட்டுமே இல்லை. உச்ச நீதிமன்றம், லீபோவிட்ஸ், உலகம் முழுக்க நடந்த போராட்டங்கள், மகன்களுக்காக ஊர் ஊராக அலைந்த அம்மாக்கள் என்று பல கைகள் சேர்ந்துதான் அவர்களை இழுத்துப் பிடித்தன. அந்தக் கைகளில் அலபாமா மண்ணின் கை ஒன்றும் இருந்தது. இது வெளியூர்க்காரர்கள் கிளப்பிவிட்ட பொய்ப் பிரசாரம் என்று இனி யாரும் சுலபமாகச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால், ஆதாரம் போதாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்களுடைய நீதிபதி, அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், அவர்களில் ஒருவர்.

அன்றைக்குப் பிடிபட்டவர்களில் ஒருவரான கிளாரன்ஸ் நாரிஸுக்கு அலபாமா ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 1976-ல். பேட்டர்சன் உள்பட, தண்டனை நீங்காமலே இறந்துபோன கடைசி மூன்று பேருக்கு மாநிலம் மன்னிப்பு அளித்தது 2013 நவம்பரில். 2017-ல் ஏதென்ஸ் கோர்ட் வளாகத்தில் ஹார்ட்டனுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். 1934-ல் அவரை வீட்டுக்கு அனுப்பியவர்களின் பேரன் பேத்திகளும் அந்தச் சிலையைத் தாண்டித்தான் இன்றைக்குக் கோர்ட்டுக்குள் போகிறார்கள்.

ஹார்ட்டன் அந்தத் தாள்களை வாசித்து முடித்த காலைக்கும், பேட்டர்சன் பெயரிலிருந்த கறையை மாநிலம் துடைத்த நாளுக்கும் நடுவில் 80 வருஷம். ஆபீஸ்லயோ, காலேஜ்லயோ, குடும்ப வாட்ஸ்அப் குரூப்லயோ, எல்லாரும் ஒரு பக்கம் சாயும்போது உங்களுக்கு மட்டும் வேற ஏதோ சரின்னு தோணினா, இந்தக் கணக்கையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. நீங்க சொன்னது சரின்னு ஊர் ஒத்துக்க ரொம்ப நாள் ஆகலாம். ஹார்ட்டனுக்கு அது உயிரோடு இருக்கும்போது முழுசாகக் கிடைக்கவில்லை. அதற்காக அவர் அந்தத் தாள்களைக் கிழித்துப் போடவும் இல்லை.